செம்மறி உண்டு, கம்பளி அரிது

குடைவரைக் கோயிலால் அறியப்படும் குன்றாண்டார்கோவில், மானாவாரி விவசாயத்தோடு ஆடு வளர்ப்பும் இணைந்த புதுக்கோட்டை வறள்நிலத்தைச் சேர்ந்தது. அங்கே செம்மறிக்குப் பஞ்சமில்லை எனினும், ஃபெல்ட் கைவினைக்கு உரிய கம்பளி கிடைப்பது அரிது. நூற்காமலும் நெய்யாமலும், ஈரம், வெப்பம், தேய்ப்பு ஆகியவற்றால் இழைகளையே ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிய துணியே ஃபெல்ட் எனப்படும். காஷ்மீரத்து நம்தா விரிப்பு இதற்கு நமக்கு அறிமுகமான சான்று.

கம்பளி இழையின் மேல்தோல், கூரை ஓடுகள்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த நுண்செதில்களால் ஆனது. செதில்களின் விளிம்புகள் நுனியை நோக்கி இருப்பதால், இழை வேர்ப்பக்கமாக எளிதில் நகரும். எதிர்த்திசையில் நகர மறுக்கும். வெந்நீரும் சோப்பும் இழையை நெகிழச் செய்ய, கையால் தேய்க்கத் தேய்க்க ஒவ்வோர் இழையும் ஒரே பக்கமாக ஊர்ந்து அடுத்ததோடு சிக்கிக்கொள்கிறது. அப்படிச் சிக்கியது பிரிவதில்லை. மெல்லிய இழையும் அதன் இயல்பான சுருளும் இப்பிணைப்பை விரைவுபடுத்துவதால்தான், பொதுவாக 24 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்ட மெரினோ இழையைக் கைவினைஞர்கள் விரும்புகின்றனர்.

ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், கீழக்கரிசல், மேச்சேரி முதலிய தமிழகச் செம்மறி இனங்கள் இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை. அவற்றின் உடலில் இருப்பது கம்பளியன்று, குட்டையான மயிர். அத்தகைய மயிரின் நடுவே மெடுல்லா எனும் காற்றறை நிறைந்த உள்தண்டு ஓடுவதால், அது விறைப்பாக நின்று, சுருளாமல், பிணையவும் மறுக்கிறது. திருச்சி கருங்குறும்பை இனத்திற்குக் கம்பளி உண்டு. முரடானது என்றாலும் விரிப்புக்கும் பையின் அடித்தளத்திற்கும் பயன்படக்கூடியது. மென்மைக்கு மலையேற வேண்டியதுதான்: வெளிநாட்டு மெரினோ முதலிய இனங்களின் கலப்பில் உருவான நீலகிரி இனமும், கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூர் ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கப்படும் பாரத் மெரினோ இனமும் மெல்லிய கம்பளி தருபவை.

வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு சிட்டிகை இழையை நனைத்து, சோப்புத் தடவி, உள்ளங்கைகளுக்கிடையே உருட்டினால், ஃபெல்ட்டுக்கு உரியது சில நிமிடங்களில் இறுகிய உருண்டையாகும். மயிரானால் நுனிகள் சிலிர்த்துப் பிரிந்து நிற்கும். ‘சூப்பர்வாஷ்’ முத்திரை பெற்ற கம்பளி எத்தனை மென்மையாயினும் இதற்கு உதவாது. இயந்திரத்தில் துவைத்தாலும் சுருங்காதிருக்கும் பொருட்டு அதன் செதில்கள் வேதிமுறையில் மழுக்கப்பட்டோ பூச்சிட்டு மூடப்பட்டோ இருக்கும்.

கத்தரித்த கம்பளியில் படிந்துள்ள மெழுகைப் போக்க, அதை சோப்புக் கலந்த வெந்நீரில் அசைக்காமல் ஊறவைக்க வேண்டும். அவசரப்பட்டுக் கசக்கினால் வேலை தொடங்கும் முன்பே பாத்திரத்திற்குள் ஃபெல்ட் உருவாகிவிடும். உலர்ந்ததும் சிக்கெடுத்து, கருங்குறும்பைக் கம்பளியை அடியிலும் நீலகிரிக் கம்பளியை மேலேயும், ஒவ்வோர் அடுக்கின் இழைகளும் முந்தைய அடுக்குக்குக் குறுக்காக அமையும்படி பரப்பினால், அடிப்பக்கத்துக் கருமைக்குச் சாயமே தேவைப்படாது.