உங்களுக்குத் தெரியுமா? விமானத்தைப் பின்னுக்குத் தள்ள ஒரு டிராக்டர்!

ஜெட் விமானம் நின்ற இடத்திலிருந்து பொதுவாகத் தானாகப் பின்னால் நகராது. இன்ஜினின் எதிர்விசையைப் பயன்படுத்தினால் தரையில் கிடக்கும் கல்லும் மண்ணும் இன்ஜினுக்குள் போகலாம். எதிரே நிற்கும் ஆட்களையும் காற்று தூக்கியடிக்கும். அதனால் ஒரு டிராக்டர் முன்சக்கரத்தைப் பிடித்துத் தள்ளுகிறது.

அப்போது விமானி தவறிப்போய்ச் சக்கரத்தைத் திருப்பிவிடக் கூடாதே! அதற்காக முன்சக்கரக் காலில் ஒரு சிறிய ஊசியைச் செருகிவைப்பார்கள். அதன் நுனியில் நீளமான சிவப்பு நாடா தொங்கும். தள்ளி முடித்ததும் தரை ஊழியர் ஊசியை உருவி, விமானியின் கண்ணில் படும் இடத்துக்கு நடந்துபோய், நாடாவை உயர்த்திக் காட்டுவார். விமானி பார்த்துக் கையசைத்த பிறகே விமானம் முன்னே நகரும். எத்தனை எளிய, எத்தனை நல்ல ஏற்பாடு!

விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் சிவப்பு விளக்கு மினுக்கினால், இன்ஜின் ஓடுகிறது அல்லது ஓடப்போகிறது, யாரும் நெருங்கக் கூடாது என்று பொருள். 2015 டிசம்பர் 16 இரவு மும்பையில், புறப்பட இருந்த ஏர் இந்தியா விமானத்தின் அருகே நின்ற ஊழியர் ஒருவர் இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு இறந்தார்.

2019 அக்டோபரில் டெல்லியில் ஏர் இந்தியாவின் ஏ320 விமானம், பயணிகளோடு, இன்ஜினை இயக்காமலேயே ஓடுபாதையை நோக்கிப் போனது. இழுத்துச் சென்றது, விமானியே தன் அறையிலிருந்து செலுத்தும் ‘டாக்ஸிபாட்’ வண்டி.

தரையில் ஊரும் விமானமும் சட்டென்று பிரேக் போட நேரலாம். பெல்ட் விளக்கு அணையும்வரை தயவுசெய்து எழுந்திருக்காதீர்கள்.