எதிர்க்கரை மாயக்காரி

மாயக்காரி என்றதும் திருச்செந்தூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருபவள் சூரபதுமனின் தாய் மாயை. ஐப்பசியில் கடற்கரையில் சூரசம்ஹாரம் நடக்கிறது; சூரனைப் பெற்ற தாயைப் பற்றி அன்று யாரும் அதிகம் பேசுவதில்லை. மேல்நாட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் கிரேக்கரின் கிர்கேயைச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அவளை ஸர்ஸி என்பர். இவ்விருவரையும் தவிர, நம் கரைக்குக் கிழக்கே, மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், மூன்றாமவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயர் குவேனி. கிர்கேயின் கதையோடு அவள் கதை ஒத்துப்போவது ஒரு வியப்பு. அக்கதையின் முடிவில் நம் பாண்டிய நாட்டுக்கும் பங்கு உண்டு என்பது மற்றொரு வியப்பு.

முதலில் கிர்கேயைப் பார்ப்போம். ஹோமரின் 'ஒடிசி' காவியத்தில் பத்தாம் பகுதியில் அவள் வருகிறாள். கதிரவனின் மகள், தனித் தீவில் பாடிக்கொண்டே தறி நெய்கிறாள். டிராய்ப் போர் முடிந்து வீடு திரும்பும் ஒடிசியஸின் ஆட்களுக்கு மருந்து கலந்த உணவைக் கொடுத்து, கோலால் தட்டிப் பன்றிகளாக்குகிறாள். ஹெர்மிஸ் என்னும் தேவன் கொடுத்த மூலிகையின் காவலோடு ஒடிசியஸ் வருகிறான்; வாளை ஓங்குகிறான்; அவள் பணிகிறாள். சத்தியம் வாங்கிக்கொண்டபின் ஓராண்டு அங்கேயே விருந்துண்டு தங்குகிறான்.

இனிக் குவேனி. கி.பி. 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டில் மகாநாம தேரர் பாலி மொழியில் இயற்றிய 'மகாவம்சம்' என்னும் நூலின் ஏழாம் அத்தியாயம் அவள் கதையைக் கூறுகிறது. வட நாட்டிலிருந்து துரத்தப்பட்ட இளவரசன் விஜயன் எழுநூறு பேரோடு இலங்கையில் கரையேறுகிறான். இறங்கிய இடத்தின் பெயர் தம்பபண்ணி. சிவந்த மண் பட்டு அவர்கள் கைகள் செம்பு நிறமாயின, அதனால் அப்பெயர் என்கிறது நூல். நம் பொருநை ஆற்றுக்கும் தாமிரபரணி என்ற பெயர் உண்டல்லவா? அது புன்னைக்காயலருகே கடலில் கலக்க, அதே பெயர் எதிர்க்கரையில் ஒலிப்பது கேட்க இனிமையாக இருக்கிறது.

துறவி வேடத்தில் வந்த தேவன் ஒருவன் அவர்கள் கைகளில் மந்திர நூல் கட்டுகிறான். பின்னர் ஒரு நாய் தென்படுகிறது. நாய் இருந்தால் ஊர் இருக்கும் என்று ஒருவன் அதன் பின்னே போகிறான். (நல்ல யோசனைதான், ஆனால் அந்த நாயே ஓர் இயக்கி!) குளக்கரையில், மரத்தடியில், தவப்பெண்போல நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள் குவேனி. தண்ணீர் குடிக்க வந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துப் பள்ளத்தில் தள்ளுகிறாள். கையில் கட்டிய நூல் காப்பதால் அவர்களைத் தின்ன முடியவில்லை. கடைசியில் விஜயன் வந்து, கூந்தலைப் பற்றி வாளை ஓங்குகிறான். அவளும் பணிகிறாள், அவனும் சத்தியம் வாங்குகிறான். ஆட்கள் மீள்கின்றனர். அவள் பதினாறு வயதுப் பெண்ணாக மாறி அவனுக்கு மனைவியாகிறாள்.

கிர்கேக்குத் தறி, குவேனிக்கு நூற்பு. அங்கே மூலிகை, இங்கே காப்பு நூல். வாளும் சத்தியமும் இருவர்க்கும் பொது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுந்ததா, கடலோடிகளின் அச்சம் எல்லாக் கரைகளிலும் ஒன்றேதானா என்று அறிஞர்கள் வாதாடட்டும். நமக்கு முக்கியமானது கதைகள் பிரியும் இடம்.

கிர்கே ஒடிசியஸுக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டுத் தன் தீவில் தானே அரசியாக இருக்கிறாள். குவேனியோ விஜயனுக்காகத் தன் இனத்தாரையே காட்டிக்கொடுக்கிறாள். இயக்கரின் திருமண விழா நடக்கும் வேளையைச் சொல்லி அவர்களைக் கொல்லத் துணை நிற்கிறாள். நாட்டைப் பிடித்தபின் விஜயனுக்கு முடிசூட வேண்டும். அதற்கு அரச குலத்துப் பெண் வேண்டுமாம்! தூதர்கள் மதுரைக்கு வருகின்றனர். பாண்டிய மன்னன் தன் மகளையும், தோழியர் பலரையும், பதினெட்டுத் தொழிற்குழுக்களைச் சேர்ந்த ஆயிரம் குடும்பங்களையும் கப்பலேற்றி அனுப்புகிறான். அவர்கள் மாதோட்டத்தில் இறங்குகின்றனர்.

குழந்தைகளை விட்டுவிட்டு நீ போய்விடு என்று குவேனியிடம் சொல்லிவிடுகிறான் விஜயன். அவள் இரு குழந்தைகளோடும் தன் இனத்தாரின் ஊருக்குத் திரும்புகிறாள். அவர்கள் அவளை ஒற்றன் என்று எண்ணுகின்றனர். ஒருவன் ஒரே அடியில் கொன்றுவிடுகிறான். மாமன் எச்சரிக்க, குழந்தைகள் மலைக்காட்டுக்குத் தப்பி ஓடுகின்றனர். அத்தனை இரக்கமான இடத்தை அந்நூல் சில அடிகளில் கடந்துவிடுகிறது. கதை சொல்பவரின் கண் புதிய அரசன்மேல் இருக்கிறது.

பழைய கதைகள் யாவும் கப்பலில் வந்தவன் சொன்னவை. வீட்டிலிருந்தவளை யாரும் கேட்கவில்லை. நம் காலத்தில்தான் அவளைக் கேட்கத் தொடங்கினர். கனடா நாட்டு மார்கரெட் அட்வுட் 1974-இல் வெளியிட்ட தொகுப்பில் கிர்கேயே பேசும் கவிதைகளை எழுதினார். 2018-இல் அமெரிக்க எழுத்தாளர் மேடலின் மில்லர் அவள் வரலாற்றை அவள் வாய்மொழியாகவே நாவலாக்கினார். அதில் மாலுமிகளுக்கு அவள் முதலில் அன்போடு சோறிடுகிறாள். தனித்திருக்கும் பெண் என்று கண்டு அவர்கள் கொடுமை செய்த பிறகே பன்றியாக்கும் வித்தை தொடங்குகிறது. குவேனிக்கோ அட்வுட்டுக்கு முன்பே மேடை கிடைத்துவிட்டது. 1963-இல் ஹென்றி ஜயசேன என்னும் சிங்கள நாடகாசிரியர் அவள் பெயராலேயே நாடகம் இயற்றினார்.

இதில் நம் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் அந்தப் பாண்டிய இளவரசி. மகாவம்சம் அவள் பெயரையும் சொல்வதில்லை. தனக்காக ஒருத்தி வெளியேற்றப்பட்டது கப்பலேறும்போது அவளுக்குத் தெரியுமா? தெரிந்தபின் என்ன நினைத்தாள்? பள்ளி விழாவுக்கு நாடகம் தேடும் மாணவியர் அவளிடமிருந்து தொடங்கலாம். மேடைக்கு வேண்டியவை ஒரு கப்பல், இரு குழந்தைகள், ஒரு முத்து.

முத்து எதற்கு என்கிறீர்களா? விஜயன் ஆண்டுதோறும் இரண்டு லட்சம் பெறுமான முத்து ஒன்றைத் தன் மாமனாருக்கு அனுப்பி வந்தானாம். கொற்கை முத்துக்குப் பேர்பெற்ற பாண்டியனுக்கே முத்து! அவன் அதை வாங்கி வைத்துக்கொண்டான் போலும். மகள் ஒருமுறையேனும் தாய்வீட்டுக்கு வந்தாளா என்பதை நாடகம் எழுதுபவர்கள்தாம் சொல்ல வேண்டும்.