மழைநாளில் பிறந்த ‘புதையல் தீவு’

ஊன்றுகோலில் சாய்ந்து நடக்கும் ஒற்றைக்கால் கொள்ளையன். அவன் தோளில் பேசும் கிளி. புதையல் உள்ள இடத்தைச் சிவப்புக் குறியால் காட்டும் வரைபடம். கடற்கொள்ளையர் என்றதும் சிறுவர் மனத்தில் எழும் இக்காட்சிகளை உலகெங்கும் பரப்பியது ‘புதையல் தீவு’ என்னும் ஆங்கில நாவலாகும். அது பிறந்த கதையோ ஒரு குடும்பத்தின் கதை.

1881ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் பிரேமார் என்னும் மலையூரில், நுரையீரல் நோயால் நலிந்த ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் தம் மனைவியுடனும் பெற்றோருடனும் தங்கியிருந்தார். மனைவியின் முதல் மணத்தில் பிறந்த மகன் லாயிட், விடாத மழையால் வெளியே செல்ல இயலாமல், வண்ணம் தீட்டிப் பொழுதைப் போக்கினான். அவனுடன் அமர்ந்த ஸ்டீவன்சன் ஒருநாள் கற்பனைத் தீவொன்றை வரைந்தார். அதை நோக்க நோக்கக் கதைமாந்தர் உயிர்பெற்றனர். நாளுக்கொரு அத்தியாயமாகப் பதினைந்து நாள் எழுதி, அவற்றைக் குடும்பத்தாருக்குப் படித்துக் காட்டினார்.

கேட்டு மகிழ்ந்தவர்களுள் முதல்வர் தந்தை தாமஸ். அவர் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். மகன் அத்தொழிலைத் துறந்தார். சட்டம் பயின்றும் வழக்காட முனையவில்லை. தந்தையின் சமய நம்பிக்கையையும் ஏற்கவில்லை. அதனால் விளைந்த கசப்பு சிறிதன்று. பின்னர் மனம் இளகி மகனை ஏற்றுக்கொண்ட அத்தந்தை, இப்போது தாமும் சிறுவரானார்! கதையில் வரும் முதிய மாலுமியின் பெட்டியில் இருக்கவேண்டிய பொருள்களைப் பட்டியலிட்டுத் தந்தார். கொள்ளைத் தலைவன் பிளிண்டின் கப்பலுக்கு ‘வால்ரஸ்’ எனப் பெயரும் சூட்டினார்.

பாதியில் நின்ற கதை சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் நிறைவெய்தியது. சிறுவர் இதழொன்றில் புனைபெயரில் தொடராக வந்தபோது அது பெரிதாகப் பேசப்படவில்லை. 1883இல் நூலானபின்னரே புகழ் சேர்ந்தது. அச்சகத்துக்கு அனுப்பிய முதல் வரைபடம் தொலைந்துபோகவே, தந்தையின் அலுவலகத்தில் மீண்டும் வரையப்பட்டது. அதில் பிளிண்டின் கையொப்பத்தை இட்டவர் வேறு யாருமல்லர், தாமஸேதான்!

ஒற்றைக்கால் சில்வருக்கு முன்மாதிரி, நோயால் ஒரு காலை இழந்தும் ஊக்கம் குன்றாத கவிஞர் ஹென்லி. வஞ்சகமும் துணிவும் கனிவும் கலந்த அப்பாத்திரம், தீயவனை முழுக் கருமையாகவே தீட்டிவந்த சிறுவர் கதைகளுக்குப் புதுவழி காட்டியது. உண்மையில் கொள்ளையர் புதையல் புதைத்தது மிக அரிது. எனினும் பின்வந்த கதைகளும் திரைப்படங்களும் இந்நாவலையே பின்பற்றின.

தாமஸ் 1887இல் மறைந்தார். ஸ்டீவன்சன் 1894இல், 44ஆம் வயதில், சமோவாத் தீவில் காலமானார். ஒரு காலத்தில் மனம் வேறுபட்டு நின்ற தந்தையும் மகனும் சேர்ந்து விளையாடிய மழைநாள்களின் நினைவாக அந்நூல் நிற்கிறது. பெற்றோரே, பிள்ளைகளோடு அமர்ந்து கதை படிக்கும் மாலைப்பொழுதை வீணென்று எண்ணாதீர்கள். அவர்கள் தேடும் புதையல் அங்கேயே இருக்கலாம்.