ஈகிளாஸ் (ஜென்டூ லினக்ஸ்)

ஈகிளாஸ் என்பது ஜென்டூ லினக்ஸ் இயங்குதளத்தில், பல மென்பொருள் பொதிகளுக்குப் பொதுவான கட்டுமான நிரலை ஒரே இடத்தில் வைத்திருக்கும் கோப்பு ஆகும். பொதிகளை உருவாக்கும் கோப்புகளில் ஒரே வரிகள் திரும்பத் திரும்ப எழுதப்படுவதைத் தவிர்ப்பதே இதன் நோக்கம்.

பின்னணி

ஜென்டூவில் மென்பொருள்கள் பெரும்பாலும் மூல நிரலிலிருந்து பயனரின் கணினியிலேயே தொகுக்கப்படுகின்றன. இதற்காக ஒவ்வொரு பொதிக்கும் ஈபில்ட் எனப்படும் கோப்புகள் உள்ளன. பாஷ் மொழியில் எழுதப்படும் இவற்றில், மூல நிரலை எங்கிருந்து பதிவிறக்குவது, வேறு எந்தப் பொதிகள் தேவை, எவ்வாறு தொகுத்து நிறுவுவது ஆகிய விவரங்கள் இருக்கும். போர்ட்டேஜ் என்னும் பொதி மேலாண்மைக் கருவி இக்கோப்பைப் படித்து, ஒவ்வொரு கட்டத்தையும் வரிசையாக இயக்குகிறது.

பெர்ல், பைத்தான் போன்ற மொழிகளின் நிரற்கூறுகள் பெரும்பாலும் ஒரே முறையில் நிறுவப்படுபவை. அவற்றின் ஈபில்டுகள் அனைத்திலும் அதே வரிகளை நகலெடுத்து வைத்தால், ஒரு பிழையைத் திருத்த அத்தனை கோப்புகளையும் திறக்க வேண்டியிருக்கும். விடுபட்ட கோப்பில் பிழை அப்படியே தங்கிவிடும். நாளடைவில் நகல்கள் சிறிது சிறிதாக வேறுபடும்போது, எந்த வேறுபாடு தேவை கருதிச் செய்யப்பட்டது, எது மறதியால் நேர்ந்தது என்று பிரித்தறிவதும் கடினமாகும்.

செயற்படும் முறை

ஈபில்டின் தொடக்கத்தில் 'இன்ஹெரிட்' கட்டளையுடன் ஈகிளாஸின் பெயரைக் குறிப்பிட்டால், அதிலுள்ள மாறிகளும் செயற்கூறுகளும் ஈபில்டுக்குக் கிடைக்கும். ஒரு கட்டத்துக்கான செயற்கூறை ஈகிளாஸ் வழங்கியிருந்தால், ஈபில்ட் தனக்கென ஒன்றை எழுதாதவரை அதுவே இயங்கும். மாறுபட்ட தேவையுள்ள பொதி தன் சொந்தச் செயற்கூறை எழுதி, அதனுள் ஈகிளாஸின் செயற்கூறையும் அழைக்கலாம். இதனால் அந்தப் பொதிக்கே உரிய வேறுபாடு மட்டும் ஈபில்டில் இடம்பெறுகிறது.

எடுத்துக்காட்டுகள்

பெர்ல்-மாட்யூல்: மூல நிரலில் 'மேக்ஃபைல்.பிஎல்', 'பில்ட்.பிஎல்' ஆகியவற்றுள் எது உள்ளது எனப் பார்த்து, அதற்கேற்பக் கட்டுமானத்தை இயக்குகிறது. சிபான் களஞ்சியத்தில் அந்த நிரற்கூறை வெளியிட்டவரின் அடையாளப் பெயரைக் கொடுத்தால் பதிவிறக்க முகவரியையும் தானே அமைக்கும்.

டிஸ்ட்யுடில்ஸ்-ஆர்1: பைத்தான் பொதி எந்தெந்தப் பைத்தான் பதிப்புகளில் இயங்கும் என்பதை ஈபில்ட் பட்டியலிடுகிறது. அவற்றுள் பயனர் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு பதிப்புக்கும் ஈகிளாஸ் தனித்தனியாகக் கட்டுமானத்தை இயக்குகிறது.

இடர்களும் நடைமுறைகளும்

ஈகிளாஸில் செய்யப்படும் திருத்தம் அதைப் பயன்படுத்தும் எல்லாப் பொதிகளையும் சென்றடையும். புதிதாக நுழையும் பிழையும் அவ்வாறே பரவும். யாரும் தொடாத பழைய ஈபில்டுகூட இதனால் செயலிழக்கக்கூடும். ஆகவே பெரிய மாற்றங்கள் பிற உருவாக்குநர்களின் பார்வைக்கு வைக்கப்பட்ட பின்னரே சேர்க்கப்படுகின்றன. பழைய ஈபில்டுகளுடன் பொருந்தாத மாற்றம் தேவைப்பட்டால், புதிய பெயரில் வேறொரு ஈகிளாஸ் எழுதப்படும். டிஸ்ட்யுடில்ஸ் என்ற பழைய ஈகிளாஸின் இடத்தில் டிஸ்ட்யுடில்ஸ்-ஆர்1 வந்தது இவ்வாறே. பொதிகள் படிப்படியாகப் புதியதற்கு மாற்றப்பட்டுப் பழையது கைவிடப்பட்டது.

ஒரேயொரு பொதிக்கு மட்டும் தேவையான நிரலை ஈகிளாஸில் வைப்பதால் பயன் இல்லை. அதற்கு உரிய இடம் ஈபில்டே. பல பொதிகளில் ஒரே காரணத்துக்காக ஒன்றாக மாறக்கூடிய வரிகளே பொதுக் கோப்புக்கு உரியவை. தற்செயலாக ஒத்திருக்கும் வரிகளை ஒன்றுசேர்த்தால், பின்னர் ஒரு பொதிக்காகச் செய்யும் மாற்றம் மற்றொன்றைப் பாதிக்கும்.