தணலும் தாழ்ப்பாளும்

தலைக்குந்தா புல்வெளியில் உறைபனி வெள்ளை விரித்திருக்கும் படங்கள் டிசம்பர் வந்தால் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். பார்க்க வருகிறவர்களுக்கு அது இரண்டு நாள் குளிர். ஊட்டியிலும் குன்னூரிலும் தகரக் கூரைக்குக் கீழே பிப்ரவரி வரை ஓட்ட வேண்டியவர்களுக்கோ அது செலவு.

2,000 வாட் ரூம் ஹீட்டர் மணிக்கு 2 யூனிட் இழுக்கும். இரவில் நாலு மணி நேரம் போட்டால், இரண்டு மாதத்துக்கான இலவச 100 யூனிட் பதின்மூன்றாம் இரவே தீர்ந்துவிடும். அதற்குப் பயந்துதான் பலரும் கரிச் சட்டியைத் தேடுகிறார்கள்.

செலவில்லாத வழிகள் இல்லாமல் இல்லை. பகலில் வெயில் விழும் ஜன்னல்களின் திரையை விலக்கி வைத்து, நாலு மணிக்குள் இழுத்து மூடிவிட வேண்டும். கதவடி இடுக்கில் பழைய சேலையைச் சுருட்டி வைக்கலாம். தகரத்துக்குக் கீழே ஒரு சீலிங் அடித்துவிட்டால் பாதிக் குளிர் அடங்கிவிடும். படுக்கைக்குள் ஒரு வெந்நீர்ப் பை போதும். அறையைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது எப்போதும் மலிவு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இடுக்கையெல்லாம் அடைத்த அதே அறைக்குள்தான் தணலும் வந்து சேர்கிறது. கரி புகைய வேண்டியதே இல்லை. செக்கச் செவேலென்று கனன்றுகொண்டே கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அந்த வாயுவுக்கு நிறமோ வாடையோ கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், அசதி. குளிர் அசதி என்று நினைத்துப் போர்வைக்குள் சுருண்டவர் எழுந்திருப்பதில்லை. மலைவாசஸ்தலங்களில் இப்படிக் குடும்பமாகவே போனவர்கள் உண்டு. பார்பிக்யூ அடுப்பை மிச்சத் தணலோடு அறைக்குள் இழுத்து வைத்துக்கொண்ட சுற்றுலாப் பயணிகளும் உண்டு.

'எங்கள் தாத்தா காலத்திலிருந்து கணப்பு போடுகிறோம், யாருக்கு என்ன ஆயிற்று?' என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தாத்தாவின் வீட்டில் ஓட்டுக்கு ஓடு இடுக்கு இருந்தது. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பழைய புல் வீட்டில் தவழ்ந்துதான் நுழைய முடியும், உள்ளே அடுப்பும் எரியும். ஆனால் புகை கூரைப் புல் வழியே கசிந்து போய்விடும். கான்கிரீட் சுவரும் அலுமினிய ஜன்னலும் போட்ட இன்றைய அறையில் அந்த வழி ஏது? ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் போதும் என்பதையும் நம்ப முடியாது. குளியலறைக்குள் பொருத்திய கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கணப்பு வேண்டுமா, வாசலில் போட்டுக் காயுங்கள்; தணலை அங்கேயே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள். லாட்ஜில் கரிச் சட்டி கொண்டுவந்து கொடுத்தால் திருப்பி அனுப்பிவிட்டு இன்னொரு கம்பளி கேளுங்கள். மூடிய அறையில் யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவு ஜன்னலைத் திறந்து, ஆளை வெளியே தூக்கி வாருங்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.