மைக்கோ: ஒரு சொல்லுக்குள் ஒரு குழந்தை



‘மைக்கோ’ என்றதும் ஏதோ மோட்டார் கம்பெனி பெயர் மாதிரி இருக்குல்ல? இது ஜப்பானியச் சொல். ‘மை’ என்றால் நடனம். ‘கோ’ என்றால் குழந்தை. ‘ஆடும் குழந்தை’ என்பதே இதன் பொருள்.

ஜப்பானில் ஆடல், பாடல், இசையால் விருந்தினரை மகிழ்விக்கும் பெண் ‘கெய்ஷா’. ‘கெய்’ என்றால் கலை, ‘ஷா’ என்றால் ஆள். ஆக, கலைஞர்! கியோட்டோ நகரில் கெய்ஷா ஆவதற்காகப் பயிலும் பெண்தான் மைக்கோ. அங்குள்ள யசாகா கோயிலுக்கு வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்த கடைப் பெண்கள் ஆடிப் பாடத் தொடங்கியதில் இந்த வழக்கம் பிறந்ததாகச் சொல்வார்கள். நம்ம பக்கம் கூத்து வாத்தியார் கூடவே இருந்து பையன்கள் பார்த்துப் பார்த்துக் கற்பது போல, மைக்கோவும் குருவின் வீட்டைப் போன்ற ஒரு விடுதியில் தங்கித்தான் பழகுகிறாள்.

சரி, நம்ம தமிழில் இப்படி உண்டா? ஏன் இல்லை! சிலப்பதிகார மாதவியை எடுத்துக்கொள்ளுங்கள். 5 வயதில் ஆடல் பயிலத் தொடங்கினாள். 7 ஆண்டுகள் பயிற்சி. 12 வயதில் சோழ மன்னன் முன் அரங்கேற்றம். பரிசாகத் ‘தலைக்கோல்’ பெற்றாள். பகை மன்னனிடம் கைப்பற்றிய குடையின் காம்பில் நவமணி பதித்து, பொன் தகடு போர்த்திய கோல் அது. அதைப் பெற்றவளுக்குத் ‘தலைக்கோலி’ என்று பட்டம். சோழர் கல்வெட்டுகளிலும் இந்தப் பட்டம் வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 400 ஆடல் மகளிரைக் குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்தான்.

இங்கே ஒன்றை யோசித்தேன். ஜப்பான் சொல் கற்கிறவளைக் ‘குழந்தை’ என்கிறது. நம் சொல்லோ கற்று முடித்தவளைப் பாராட்டுகிறது. ஆனால் மாதவியும் 12 வயதுச் சிறுமிதானே!

பிற்காலத்தில் சிறுமிகளுக்குக் கோயிலில் பொட்டுக்கட்டினார்கள். ‘உனக்குச் சம்மதமா?’ என்று அந்தப் பிள்ளையை யாரும் கேட்கவில்லை. மற்றப் பெண்களைப் போல மணம் செய்து வாழும் உரிமையும் போனது. இதை எதிர்த்துச் சட்டசபையில் குரல் கொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தாயாரே அந்தக் குலத்தில் பிறந்தவர். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1947-இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது.

அதே 1947-இல்தான் ஜப்பானிலும் நடுநிலைப் பள்ளிவரை படிப்பு கட்டாயமானது! அதனால் இன்று 15 வயதில் அந்தப் படிப்பை முடித்த பிறகுதான் ஒரு பெண் மைக்கோ ஆக முடியும்.

சட்டம் வந்ததால் கலை அழியவில்லை. 1925-இல், 7 வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறிய பாலசரஸ்வதி பிறகு உலகமெங்கும் ஆடிப் புகழ் பெற்றார். இன்று விருப்பமுள்ள யாரும் பரதம் கற்கலாம், பள்ளிக்கூடமும் போகலாம்.

என் கருத்து இதுதான். கலை பெரிது. அதைக் கற்கிற பிள்ளை அதைவிடப் பெரிது. நீங்க என்ன சொல்றீங்க?