உஷார்! கட்சி பார்த்து மாறும் அறம்

'பொதுவாழ்வில் ஒழுக்கம் என்று வந்துவிட்டால் சமரசமே கிடையாது' என்று நடுப்பக்கக் கட்டுரையில் யாராவது முழங்கினால், உடனே தலையாட்டிவிடாதீர்கள். போன தடவை தம்முடைய ஆள் சிக்கியபோது இதே பேனா என்ன எழுதியது என்று பாருங்கள்.

அமெரிக்கக் கதை ஒன்று. 1998 ஆகஸ்ட் 17 அன்று, வெள்ளை மாளிகையில் பயிற்சி ஊழியராக இருந்த மோனிகா லெவின்ஸ்கியுடன் தகாத உறவு இருந்ததை ஜனாதிபதி கிளிண்டன் டிவியில் ஒப்புக்கொண்டார். பத்தே நாளில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஒரு கட்டுரை. எழுதியவர் கிறிஸ்தவப் பிரசங்கி பிராங்க்ளின் கிரஹாம். புகழ்பெற்ற பிரசங்கி பில்லி கிரஹாமின் மகன். கிளிண்டன் செய்த பாவம் அவருடைய சொந்த விஷயம் ஆகாது, மனைவியையும் மகளையும் ஏமாற்றியவர் நாட்டை ஏமாற்ற மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார். பைபிளில் வரும் தாவீது ராஜாவையும் சாட்சிக்கு இழுத்தார். நியாயமான கேள்விதான்.

2018 ஜனவரி. ஆபாசப்பட நடிகை ஸ்டார்மி டேனியல்ஸ் வாய் திறக்காமலிருக்க டிரம்பின் வக்கீல் 1,30,000 டாலர் ஏற்பாடு செய்தார் என்று செய்தி. வெளியிட்டதும் அதே வால் ஸ்ட்ரீட் ஜர்னல்! அந்த நடிகையோடு உறவே இல்லை என்றார் டிரம்ப். நம் பிரசங்கியோ, அது என்றைக்கோ நடந்த சமாசாரம், அதில் யாருக்கும் வேலையில்லை என்றார். அன்றைக்குக் கிளிண்டனை, டிரம்ப் சார்ந்த குடியரசுக் கட்சி துரத்தியதும் பெரிய தப்பாம். இந்த ஞானம் பிறக்க இருபது வருஷமும், தமக்குப் பிடித்த ஒரு ஜனாதிபதியும் தேவைப்பட்டிருக்கிறது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

எதிர்முகாம் மட்டும் யோக்கியமா? 1998 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில் எழுதினார் பெண்ணுரிமைப் போராளி குளோரியா ஸ்டைனம். கிளிண்டன்மீது வேறு பெண்கள் சொன்ன புகார்கள் நிஜமென்றே வைத்துக்கொண்டாலும், பெண் மறுத்ததும் அவர் விலகிவிட்டாரே, அது பாலியல் தொல்லை ஆகாது என்பது அவர் வாதம். குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் மாட்டியிருந்தால் இந்தச் சலுகை கிடைத்திருக்குமா? 2017-இல் கேட்டபோது, இப்போதென்றால் அப்படி எழுத மாட்டேன் என்றார். அந்த மட்டும் சொன்னாரே.

எழுதுகிறவர்களோடு இது நிற்பதில்லை, வாசகருக்கும் தொற்றுகிறது. சொந்த வாழ்வில் ஒழுக்கம் தவறியவர் பதவியில் நேர்மையாக நடக்க முடியுமா என்று பிஆர்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனம் கேட்டது. முடியும் என்ற வெள்ளையின எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் 2011-இல் 30 சதவீதம்; 2016 அக்டோபரில் 72. இடையில் பைபிள் மாறவில்லை. வேட்பாளர்தான் மாறினார்.

ஆகவே 'பழைய கதை', 'சொந்த விஷயம்', 'நாட்டில் இதைவிடப் பெரிய பிரச்சினை இருக்கிறது' என்ற சமாதானங்கள் கண்ணில் பட்டால் உஷாராகிவிடுங்கள். அந்த எழுத்தாளர் பெயரோடு, எதிர்க்கட்சி ஆள் சிக்கிய வருஷத்தையும் சேர்த்து இணையத்தில் தேடுங்கள். பழைய கட்டுரை அகப்பட்டால் இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அதற்குப் பிறகு அவரை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.